பனமலை ஏரியின் ஆழமும் ஆடு தின்ற ஐந்து கார்டுகளும்

போன வாரம் நம் அலுவலகத்தில் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "சார், நம்ம புரோகிராம் தானா எழுதிக் குடுத்த புரோகிராம்ல ஒரே ஒரு வரி தப்பா இருக்குது. கையாலயே திருத்திட்டு ஓட விட்டுடட்டுமா? ரெண்டு நிமிஷ வேலைதான்." நான் எழுந்து போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, வெயில் அதிகம் என்று ஏதோ உளறினேன். ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை வந்து உங்கள் செலவில் டீ குடிக்கிற மனிதருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த "ரெண்டு நிமிஷ வேலை" என்ற சொல்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று இப்போது எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரியுங்கள், தப்பில்லை. அன்று எல்லோரும் சிரித்தார்கள், என்னைத் தவிர.

அறுபதுகளின் கடைசி. செஞ்சியில் எங்கள் துறைக்கு ஒரு முகாம் அலுவலகம் இருந்தது. திண்டிவனம் ரோட்டில் ஓட்டுக் கட்டடம். வேலை என்னவென்றால், சுற்றுவட்டாரத்தில் உள்ள முப்பத்தோரு ஏரிகளுக்கும் மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர் வரும், எப்போது மதகைத் திறக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது. கணக்கைப் போடும் கம்ப்யூட்டர் சென்னையில் இருந்தது. அதுவும் எங்களுடையது இல்லை, மணிக்கு இவ்வளவு என்று எங்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். செஞ்சியில் எங்களிடம் இருந்தவை கையால் கார்டில் துளை போடும் இயந்திரம் ஒன்று, மின்விசிறி ஒன்று, காம்பவுண்டில் மேயும் ஆடு ஒன்று. ஆடு யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. அலுவலக நேரத்துக்குச் சரியாக வந்துவிடும்.

கார்டு பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் படிப்பதற்காகச் செய்த கெட்டி அட்டை அது. அதில் எந்த இடத்தில் துளை இருக்கிறதோ அதை வைத்து எழுத்தா, எண்ணா என்று இயந்திரம் தெரிந்துகொள்ளும். ஒரு கார்டில் ஒரு வரி. அவ்வளவுதான்.

முப்பத்தோரு ஏரிக்கும் தனித்தனியாகப் புரோகிராம் எழுத ஆள் இல்லை. எங்கள் முகாம் அதிகாரி நல்ல மூளைக்காரர். புரோகிராமை எழுதுகிற புரோகிராம் ஒன்றைத் தானே எழுதியிருந்தார். ஏரிக்கு ஒன்றாக முப்பத்தோரு கார்டுகளை உள்ளே கொடுத்தால், அந்தந்த ஏரிக்கான கணக்கு வரிகளைச் சென்னை இயந்திரமே நானூற்றுச் சொச்சம் புதுக் கார்டுகளாகத் துளையிட்டுக் கக்கும். உள்ளே போகிற முப்பத்தொன்றை நாங்கள் விதைக் கார்டு என்போம். வெளியே வருவது விளைச்சல். செஞ்சியில் வேறு எப்படிப் பெயர் வைக்க முடியும்? சுற்றிலும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லைகள்.

அதிகாரிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. விளைச்சல் கார்டுகளை அப்படியே சென்னையில் ஓடவிட மாட்டார். அவற்றையும் அவற்றின் அச்சுப் பட்டியலையும் செஞ்சிக்குக் கொண்டுவந்து, வரிக்கு வரி படித்து, "சரிபார்க்கப்பட்டது" என்று டெக்னிகல் அசிஸ்டென்ட்டான நான் கையெழுத்துப் போட்டபின், ஜீப்பில் மறுபடி சென்னைக்கு அனுப்புவார். "மெஷின் எழுதினா என்ன, மனுஷன் எழுதினா என்ன, நம்ம பேர்ல போகுது, நாம படிக்கணும்" என்பார். சரியான பேச்சு. பிறகு படித்ததில் தப்பு இருந்தால் விளைச்சலைத் தொடக்கூடாது, விதைக் கார்டை மாற்ற வேண்டும், மாற்றியதைத் துளைப் பதிவேட்டில் யார், ஏன் என்று எழுத வேண்டும் என்பார். அதுவும் சரியான பேச்சுதான். இந்த இரண்டாவதைத்தான் நான் காதில் வாங்காமல் விட்டேன். காரணம், என் மகள்.

அம்சா அப்போது பி.யு.சி. முடித்துவிட்டு எங்கள் அலுவலகத்திலேயே துளையிடும் வேலையில் இருந்தாள். ஆறு மாதத் தற்காலிகப் பணி. தேர்வு எழுதித்தான் வந்தாள், நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவளே என்னை வீட்டை விட்டுத் துரத்தியிருப்பாள். அவளுக்கு ஒரே ஆசை. பணி நீட்டிப்புப் பெறுகிறவரைச் சென்னைக்கு அனுப்பி மூன்று வாரம் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுப்பதாக அதிகாரி சொல்லியிருந்தார். அவள் அதையே நினைத்துச் சாப்பிட்டு, அதையே நினைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் பெயரில் ஏற்கெனவே ஒரு மெமோ இருந்தது. சிங்கவரம் பக்கத்திலிருந்து வரும் பஸ் நடுவழியில் படுத்துக்கொண்டதால் ஒருநாள் முக்கால் மணி நேரம் தாமதம். இரண்டாவது மெமோ வந்தால் நீட்டிப்பு கிடையாது என்பது அங்கே எழுதாத சட்டம். அவளுக்கு முன் இருந்தவர் அப்படித்தான் வீட்டுக்குப் போனார். நீட்டிப்பு உத்தரவு வர இன்னும் ஐந்து நாள்.

அந்தச் சமயத்தில்தான் நான் விளைச்சல் பட்டியலைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். இருபதாவது ஏரியோ இருபத்தொன்றாவதோ, பனமலை ஏரி. ஆழம் நூற்றிருபது அடி.

பனமலைக்குப் போயிருக்கிறீர்களா? ஏரிக்கரையில் சின்னக் குன்று, குன்றின் மேல் பழைய கோயில். நூற்றிருபது அடி தண்ணீர் நின்றால் ஈசுவரனுக்கே நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். ஏரியின் உண்மையான ஆழம் பன்னிரண்டு அடி. யாரோ ஒரு இடம் தள்ளித் துளையிட்டிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. முப்பத்தோரு விதைக் கார்டையும் துளையிட்டது ஒரே ஒருத்தி. ஒவ்வொரு கார்டின் ஓரத்திலும் பென்சிலால் சின்னதாக "அ" என்று இருக்கும்.

அடுத்த கால் மணி நேரத்தில் என் மனம் போன தூரத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இரண்டாவது மெமோ. வேலை போச்சு. சென்னை போச்சு. அம்சா சாப்பிட மாட்டாள். இளைத்துப் போவாள். காய்ச்சல் வரும். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் எந்த வார்டில் படுக்க வைப்பார்கள் என்பதுவரை போய்விட்டேன். திரும்பி வந்தபோது மணி ஒன்று. அம்சா டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போயிருந்தாள்.

விளைச்சலில் அந்த எண் வரும் கார்டுகள் மொத்தம் ஆறு. நான் போய் அவள் இயந்திரத்தில் உட்கார்ந்தேன். அந்த ஆறையும் பன்னிரண்டு என்று புதிதாகத் துளையிட்டேன். பழைய ஆறை உருவிவிட்டுப் புதியதைச் செருகினேன். அச்சுப் பட்டியலில் ஆறு இடங்களில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து நூற்றிருபதைப் பன்னிரண்டு ஆக்கினேன். கீழே "சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டேன். விதைக் கார்டைத் தொடவில்லை, பதிவேட்டைத் திறக்கவே இல்லை. திறந்தால் ஏதாவது எழுத வேண்டுமே. இரண்டு நிமிஷம் என்று சொல்ல முடியாது, பதினொரு நிமிஷம் ஆயிற்று.

உருவிய ஆறு கார்டுகளை என்ன செய்வது? குப்பைக் கூடையில் போட்டால் ரெக்கார்டு கிளார்க் பாஷா பார்த்துவிடுவார். கூடையில் விழும் ஒவ்வொரு காகிதத்தையும் படித்துப் பார்த்துத்தான் கொட்டுவார். ஜன்னலுக்கு வெளியே ஆடு நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன்.

ஐந்து கார்டுகளை வரிசையாகத் தின்றது. ஆறாவதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கெஞ்சிப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஜீப் வந்து அதிகாரியை இறக்கிவிட்டு, இரண்டு மணிக்குக் கார்டுகளோடும் அவரோடும் சென்னை கிளம்புவதாக ஏற்பாடு. அடுத்த நாள் காலை எங்களுக்குக் கம்ப்யூட்டர் நேரம். அதை விட்டால் மறுமுறை எப்போது கிடைக்குமோ, அதற்குள் மழை வந்துவிடும். நான் ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்தேன். பாஷா மேஜைக்குப் பின்னால் வேர்த்து விறுவிறுத்து, ஆனால் முகமெல்லாம் பூரிப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"சார், உங்க பார்சல் ரெடி. ஏழு மணிக்கே வந்து உக்காந்துட்டேன். பாருங்க, ஒண்ணு கூட இப்போ கலையாது."

பார்த்தேன். நானூற்றுச் சொச்சம் கார்டுகளும் நான்கு கட்டுகளாக இருந்தன. ஒவ்வொரு கட்டின் இடது மேல் மூலையிலும் ஒரு வட்டத் துளை. துளை வழியாகப் பச்சை நிற டேக் கயிறு. அழகாக முடிச்சுப் போட்டிருந்தார்.

உங்களுக்கு இதில் உள்ள பயங்கரம் புரிகிறதா? அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவர் பாஷா. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகிற காகிதம் எதுவானாலும், மூலையில் ஓட்டை போட்டு டேக் கோப்பார். கோக்காத காகிதம் காகிதமே இல்லை. அவர் தன் கடமையைச் செய்தார். ஆனால் கம்ப்யூட்டருக்குத் துளை என்றால் எழுத்து. நானூறு வரிகளின் தொடக்கத்திலும் ஒரே மாதிரி குப்பையை எழுதி வைத்த மாதிரிதான்.

"பாய்," என்றேன். "ஓட்டை போட்டுட்டீங்களா?"

"பின்ன? சும்மா ரப்பர் பேண்டு போட்டு அனுப்புனா ஜீப்புல சிதறிடாது? பத்துப் பத்தாத்தான் சார் போட முடிஞ்சுது, அட்டை கெட்டி. கை வலி உசிரு போவுது."

"பாய், அந்தக் கார்டுல ஏற்கெனவே ஓட்டை இருக்கே, பார்க்கலையா?"

"பார்த்தேன் சார். கண்ட எடத்துல இருக்குது. மூலையில ஒண்ணு கூட இல்ல. எவனோ தெரியாதவன் போட்டிருக்கான்னு நெனச்சேன்."

அம்சா இதற்குள் வந்துவிட்டாள். கட்டுகளைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்று குலுங்கினாள். அழுகிறாள் என்று பாஷா பதறிப் போனார்.

"ஐயோ பாப்பா, அழாதம்மா. வெட்டுன துண்டெல்லாம் பத்திரமா வச்சிருக்கேன். சர்க்கார் சொத்தாச்சே, கீழ போட்டுடுவேனா?" என்று நான்கு தீப்பெட்டிகளை எடுத்து நீட்டினார். உள்ளே நானூற்றுச் சொச்சம் வட்டத் துண்டுகள். மேலே கட்டு ஒன்று, கட்டு இரண்டு என்று எழுதியிருந்தது.

அம்சா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுக்கா நைனா இப்படி வேர்த்து ஊத்துற? வெதக் கார்டு முப்பத்தொண்ணும் என் டிராயர்ல அப்படியே இருக்குது. அதத் தூக்கி ஜீப்புல வை. நாளைக்கு மொதல்ல அத உள்ள விட்டா அஞ்சு நிமிஷத்துல மறுபடியும் எல்லாத்தையும் அடிச்சுக் குடுத்துடும். இதக் கொண்டு போயி அடுப்புல போடு."

எவ்வளவு தெளிவான யோசனை! அந்த அறையில் அன்று சரியாக யோசித்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் விதைக் கார்டை மறுபடி விதைத்தால் என்ன முளைக்கும்? பனமலையில் நூற்றிருபது அடி முளைக்கும். நான் கையால் செய்த திருத்தம் விளைச்சலில் மட்டும்தானே இருந்தது? சென்னையில் அதிகாரியின் கண் முன்னால் அந்த எண் வந்து நிற்கும், விதைக் கார்டை எடுப்பார், ஓரத்தில் "அ" என்று இருக்கும்.

"அதெல்லாம் வேணாம்," என்றேன்.

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வேணாம். இதையே சரி பண்ணிடலாம்."

"நானூறு கார்டையா?"

"ஒட்டிடலாம். துண்டுதான் இருக்குதே."

அம்சா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நைனா, உனக்கு இன்னா ஆச்சு?"

என்ன ஆயிற்று என்று சொல்ல முடிந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? பாஷா மட்டும் உற்சாகமாகிவிட்டார். மைதா மாவை வாங்கிவந்து டீக்கடை அடுப்பில் பசை காய்ச்சினார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து, கார்டு கார்டாக எடுத்து, வட்டத் துண்டை ஓட்டையில் வைத்துப் பசை தடவி அழுத்தினோம். துண்டு உள்ளே நிற்காது, மறுபக்கம் விழும். விழுந்தால் மேஜைக்கடியில் குனிந்து தேட வேண்டும். ஒருமுறை குனிந்தபோது என் நெற்றியில் இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டன. அது எனக்குத் தெரியாது. கட்டு ஒன்றின் துண்டைக் கட்டு இரண்டில் ஒட்டலாமா என்று பாஷா நியாயமாக ஒரு சந்தேகம் கேட்டார். கூடாது என்று நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளைத் துண்டுதான்.

பத்தரை மணிக்கு அறுபது கார்டு முடிந்திருந்தது. பசை ஈரத்தில் அட்டைகள் அப்பளம் மாதிரி வளைந்தன. காம்பவுண்டுச் சுவர் மேல் வடகம் காய வைப்பதுபோல் வரிசையாகப் பரப்பினோம். உடனே ஆடு வந்துவிட்டது. நேற்றைய ருசி அதற்கு மறக்கவில்லை. அது வேறு, மைதாப் பசை வாசனை வேறு. பாஷா தன் குடையை விரித்து வைத்துக்கொண்டு, சுவர் ஓரமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டோடு போராடிக்கொண்டிருந்தார். அம்சா படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை நிறுத்தியிருந்தாள். அது எனக்கு ஆட்டை விட அதிகப் பயமாக இருந்தது.

பதினொரு மணிக்கு வர வேண்டிய ஜீப் பத்தே முக்காலுக்கு வந்தது.

அதிகாரி இறங்கி நின்றார். சுவர் மேல் காயும் கார்டுகளைப் பார்த்தார். குடையோடு நிற்கும் பாஷாவைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். கடைசியாக என் நெற்றியைப் பார்த்தார்.

"என்ன இது?" என்றார்.

பாஷா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். டேக் கோத்தது, துண்டு சேர்த்து வைத்தது எல்லாம். அதிகாரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "சரி, அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் இல்ல? விதைக் கார்டை எடுத்துட்டுப் போனா முடிஞ்சுது. எதுக்கு ஒட்டறீங்க?"

அம்சா சொன்னதையேதான் கேட்டார். அவளும் படியிலிருந்து எழுந்து வந்து நின்றாள். எனக்குப் பொய் எதுவும் அகப்படவில்லை. வாயைத் திறந்தேன், எல்லாம் வந்துவிட்டது. பனமலை, நூற்றிருபது, ஆறு கார்டு, பேனாப் புள்ளி.

"எடுத்த ஆறு கார்டு எங்கே?"

"ஆடு தின்னுடுச்சு சார்."

"ஆறையுமா?"

"அஞ்சு சார். ஆறாவது அதுக்குப் புடிக்கல." சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "உங்க பொண்ணு பண்ண தப்பை மறைக்கறதுக்கா?"

"ஆமாம் சார். தண்டனைய எனக்குக் குடுங்க. சின்னப் பொண்ணு, ஏதோ கை தவறி…"

"நான் தப்பா அடிக்கல," என்றாள் அம்சா.

அவ்வளவு அமைதியாகச் சொன்னாள். உள்ளே போனாள். துளைப் பதிவேட்டையும், துளையிடுவதற்கு மூலமாக இருந்த படிவக் கட்டையும் எடுத்து வந்து, பனமலைப் பக்கத்தைத் திறந்து அதிகாரியின் கையில் கொடுத்தாள்.

அந்தப் படிவத்தில் ஆழத்துக்கு நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டம் அடியில் பத்தில் ஒரு பங்கு. பன்னிரண்டு அடி என்றால் முதல் கட்டத்தில் சுழியம் போட்டு, பிறகு ஒன்று, இரண்டு, சுழியம் என்று எழுத வேண்டும். படிவத்தில் ஒன்று, இரண்டு, சுழியம், சுழியம் என்று இருந்தது. முத்து முத்தான கையெழுத்து. களப் புத்தகங்களிலிருந்து படிவங்களுக்கு எடுத்து எழுதுவது அந்த அலுவலகத்தில் ஒரே ஆளின் வேலை. அந்த ஆள் நெற்றியில் இரண்டு வெள்ளைப் பொட்டோடு நின்றுகொண்டிருந்தான்.

கீழே தேதி இருந்தது. அது அம்சா அடுத்த அறையில் வேலைத் தேர்வு எழுதிய நாள். அன்று நான் ஒரு கண்ணைக் கதவு மேல் வைத்துக்கொண்டு எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதிகாரி பதிவேட்டின் குறிப்புப் பத்தியைச் சத்தமாகப் படித்தார். "பனமலை. ஆழம் அதிகமாகத் தெரிகிறது. டெக்னிகல் அசிஸ்டென்ட்டிடம் கேட்டேன். உள்ளபடியே அடிக்கச் சொன்னார்."

"கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். நீ தல நிமிரல. 'படிவத்துல இருக்கறத அடிம்மா, சும்மா சந்தேகம் கேட்டுக்கினு'ன்னே."

எந்தப் பதிவேட்டைத் திறக்கப் பயந்து நான் ஆட்டுக்குக் கார்டு ஊட்டினேனோ, அந்தப் பதிவேட்டில் என் மகள் ஒரு வரியில் தன்னைக் காப்பாற்றி வைத்திருந்தாள். நான் திறந்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. அம்சா பனமலைக்குப் புதிய விதைக் கார்டு துளையிட்டாள். அதிகாரி படிவத்தைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். மற்ற முப்பது கார்டுகளையும் அவரே படிவத்தோடு ஒப்பிட்டார். முப்பத்தொன்றும் ஒரு சின்ன அட்டைப் பெட்டிக்குள் அடங்கின. பாஷா ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். "இதுக்கு மட்டுமாவது ஒரு டேக்கு…" என்றார். "பாய்!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். சரியாக இரண்டு மணிக்கு ஜீப் கிளம்பியது. மறுநாள் சென்னையில் விளைச்சல் மறுபடி வந்து, அதிகாரி அங்கேயே அதை வரிக்கு வரி படித்து, பனமலை பன்னிரண்டு அடியில் அடங்கி, கணக்கு முழுவதும் ஓடி முடிந்தது.

உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு என்றால் இதுதான். இயந்திரம் எழுதிக்கொடுத்ததில் தப்பைப் பார்த்தால், உங்கள் கை தானாக அந்த வரிக்குத்தான் போகும். கண் முன்னால் இருப்பது அதுதானே. கையைக் கட்டிக்கொண்டு அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் நடந்து போங்கள். விதை வரை போனால் போதும் என்று நானும் ஒருகாலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். போதாது. விதையைக் கொடுத்தது யார் என்றும் பாருங்கள். அங்கே உங்கள் கையெழுத்தே உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் திருத்திய விளைச்சல் அடுத்தமுறை ஓடும்போது அழிந்துபோகும். உங்கள் சாமர்த்தியமும் அதோடு போகும். தப்பு மட்டும் உழாமலே திரும்ப முளைக்கும்.

எனக்கு மெமோ வந்தது. "கார்டுகளைக் கால்நடைக்கு அளித்தது குறித்து" விளக்கம் கேட்டிருந்தார்கள். என் சர்வீஸ் புத்தகத்தில் இன்றும் அந்த வரி இருக்கிறது. ஓய்வூதியக் கோப்பைச் சரிபார்த்த அலுவலர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அம்சாவுக்கு நீட்டிப்பு உத்தரவும் சென்னைப் பயிற்சி உத்தரவும் ஒரே நாளில் வந்தன. கேட்டு எழுதி வைக்கிற பழக்கம் இருக்கிறது என்று அதிகாரி குறிப்பு எழுதியிருந்தார்.

ஆனால் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சோறு போடுவாள், சட்டையை மடித்து வைப்பாள், பேசமாட்டாள். நான்காவது நாள் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து போகும்போது தானாகவே கேட்டாள்.

"பட்டியல்ல அந்த நம்பரப் பாத்ததும் உனக்கு மொதல்ல இன்னா தோணுச்சு?"

"உன்னக் காப்பாத்தணும்னு…"

"அது ரெண்டாவது. மொதல்ல?"

நான் செருப்பில் கல் மாட்டிய மாதிரி குனிந்துகொண்டேன். அவள் நிற்காமல் நடந்தாள்.

பயிற்சிக்குக் கிளம்பும் நாள். பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கீழே நின்றுகொண்டு, கண்டக்டரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு, டிரைவரிடமும் ஒரு தடவை சொல்லிவிட்டு, சென்னையில் ரோடு எப்படிக் கடக்க வேண்டும், யாரிடம் பேசக்கூடாது, காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். டிரைவர் வண்டியை உறும விட்டார். அப்போதுதான் எனக்கு வந்தது.

"அம்சா, நீதான் தப்பு பண்ணியிருப்பேன்னு நெனச்சேன். மொதல்ல தோணுனது அதுதான். உங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு கூடத் தோணல."

பக்கத்து சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தார். அம்சா ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி, என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"தெரியும்," என்றாள். "நீ சொல்றியான்னுதான் பாத்தேன்."

வண்டி நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன், பிறகு லேசாக ஓடினேன். சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டிருந்தேன். அவள் தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"நைனா, ஓடாத! அடுத்த தடவ மொதல்ல கேளு, அப்புறமா பயப்படு!"